சுளகில் நிற்காத விதை

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டு வரிசைக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு ஒன்று இருக்கிறது. றொசல்லைப் பக்கத்து மழையைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பு அந்த மேடு சரிந்து, சேறு எங்கள் குசினிக்குள் அடுப்பு வரை வந்துவிட்டது. இன்னொரு முறை சரிந்தால் பின்சுவர் நிற்காது.

மானாப்புல் வளர்க்கலாம் என்று நான் சொன்னேன். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மண்ணைத் தேற்ற அதைத்தான் நடுவார்கள். ஒருமுறை வேர் பிடித்தால் வருடக்கணக்கில் நிற்கும். தோட்டம் நட்ட புல்லைத் தோண்டினால் கங்காணி சும்மா விடமாட்டார். மலையுச்சியில் தானாக வளர்ந்ததன் விதையை உருவினால் யார் கேட்கப் போகிறார்கள்?

அம்மா சிரித்தார். "இருவது வருசமா இந்தப் புல்லப் புடுங்கித்தான் பேர் போட்டு நாள் சம்பளம் வாங்குனேன். நீ வெதைக்கப் போறியாக்கும்."

"கம்பஸ்ல நான் படிச்சதே செடிகொடியப் பத்தித்தாம்மா."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துப் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மலையேறி, காய்ந்த கதிர்களை மாவுப் பை நிறைய உருவி வந்தோம். அம்மா பழக்கத்தில் சுளகை எடுத்து, அரிசியைப் போலப் புடைத்தார். பஞ்சு போன்ற பதரெல்லாம் மழைத் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் பறந்து விழுந்தது. சுளகில் தங்கியதை நான் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "நல்ல வெத" என்று தீர்ப்பும் சொன்னேன். பாத்தி கட்டி, விதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன்.

மூன்று வாரமாகியும் பாத்தி மொட்டையாகவே கிடந்தது. மழைக்காலம் நெருங்கியது.

ஒரு மாலை அம்மா சுரண்டியோடு கான் ஓரத்துக் களையை எடுத்துக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தினார்.

"ஏ கம்பஸ், இங்க வந்து இத மோந்து பாரு."

அவர் விரலில் நசுங்கிய பச்சை இழை ஒன்று. எலுமிச்சை போன்ற வாசம். மானாவேதான். கான் ஓரம் நெடுக ஊசி ஊசியாக முளைத்திருந்தது.

பாத்தியைக் கிளறிப் பார்த்தேன். மூன்று வாரம் நான் தண்ணீர் ஊற்றியது காம்புத் துண்டுகளுக்கும் பொடிக்கல்லுக்கும். பஞ்சோடு ஒட்டியிருந்த விதையெல்லாம் பதரோடு பறந்து போயிருந்தது.

"பொடச்சது நாந்தான்," என்றார் அம்மா. "நல்ல வெதன்னு சொன்னது யாரு?"

வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நாற்றுகளை மண்ணோடு பெயர்த்து மேட்டில் வரிசையாக நட்டோம். அந்த வருட மழைக்கு அவை போதவில்லை. தார்ப்பாய் போர்த்திச் சமாளித்தோம். இந்த வருடம் இடுப்பளவு உயர்ந்து, தூர் கட்டி நின்றன. ஒரு வாரம் மழை விடவேயில்லை. தினமும் விடிந்ததும் குசினித் தரையில் வெறுங்காலை வைத்துப் பார்ப்பேன். சேறு வரவில்லை.

மழை விட்டதும் அடுத்த வீட்டு அக்கா விதை கேட்டு வந்தார். அம்மா ஒரு பை நிறையக் கொடுத்தார்.

"கொண்டு போ புள்ள. சொளகுப் பக்கம் மட்டும் போயிராத."