இரும்பு, செம்பு, மண்

எங்கள் ஜீப்பின் ஆயில் ரிப்போர்ட் ஒரு சனிக்கிழமை வந்தது. அடுத்த திங்கட்கிழமை அக்காவையும் அவளுடைய ஐந்து மாதப் பிள்ளையையும் குஜிலியம்பாறையில் அவள் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுவதாக இருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. பிள்ளை பிறந்ததிலிருந்து என் இடுப்பில்தான் இருந்தான். அவன் போகப்போகிறான் என்ற நினைப்பே எனக்குச் சோற்றை இறங்கவிடவில்லை.

ஜீப் சில நாட்களாகக் கறுப்பாகப் புகைவிட்டுக்கொண்டிருந்தது. இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார் ரெட்டியார்சத்திரம் மெக்கானிக். அப்பா நம்பவில்லை. அம்மாவின் தம்பி வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஜெனரேட்டரின் பழைய ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இன்ஜினுக்குள் எது தேய்கிறதோ அதன் தூள் ஆயிலில் இருக்குமாம். மாமா எங்கள் ஜீப்பின் ஆயிலையும் ஒரு சின்னப் பாட்டிலில் பிடித்து அதோடு சேர்த்து அனுப்பியிருந்தார்.

ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது. கல்லூரியில் இரண்டு வருடம் படித்த அக்கா உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால், இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பெருமைக்குரிய நான் அழைக்கப்பட்டேன்.

இரும்பு, செம்பு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் எண்ணும் ‘நார்மல்’ என்ற சொல்லும் இருந்தன. சிலிக்கானுக்கு மட்டும் ‘கொஞ்சம் அதிகம்’. அதாவது தூசி. கடைசியில், ஏர் ஃபில்டரைப் பார்த்துவிட்டு வண்டியைத் தாராளமாக ஓட்டலாம் என்று இரண்டு வரி. எனக்கு எல்லாமே புரிந்தது.

“என்ன பாப்பா போட்டிருக்கு?” என்றார் அப்பா.

“இரும்பு தேயுதாம்ப்பா. செம்பும் தேயுதாம். உள்ள மண்ணு வேற இருக்காம்.”

“வண்டி ஓடுமாமா, ஓடாதாமா?”

“ஓட்டக் கூடாதாம்.”

அப்பாவுக்குச் சந்தேகம். அக்காவைக் கூப்பிட்டார். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, நின்றபடியே வாசித்தாள். அவள் விரல் ஒவ்வொரு ‘நார்மலிலும்’ நின்று நின்று இறங்கியது. கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“பாப்பா சரியாத்தான் சொல்றா. இம்புட்டு மண்ணோட ஓட்டுனா நடுவழியில நின்னுரும்ப்பா.”

“அப்ப பஸ்ஸுல போயிர வேண்டியதுதான்” என்றாள் அம்மா.

“கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு பஸ்ஸு மாறி மாறிப் போகவா? தொட்டிலு, பாத்திரமெல்லாம் யாரு தூக்குறது?” என்று கேட்டுவிட்டு அப்பா டெலிபோன் பூத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. திங்கட்கிழமை வர முடியாது என்றதும் மாப்பிள்ளை கோபமாகப் பேசினாராம்.

அதற்குப் பிறகு நான்கு நாட்கள் வீட்டில் யாராலும் உட்கார முடியவில்லை. அப்பா பானெட்டைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். அக்கா பெட்டியில் மடித்து வைத்த சேலைகளை எடுத்து உதறி மறுபடி மடித்தாள். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், நானும் அவளும் ஒரே ஜன்னலுக்கு ஓடினோம். மாமா வந்தால் என் குட்டு உடைந்துவிடும் என்று எனக்குப் பயம். அவளுக்கும் அதே பயம் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை மாமா வந்தார். காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல மச்சான். ஃபில்டர மாத்திட்டு எங்க வேணாலும் போங்க. யாரு ஓட்டக் கூடாதுன்னது?”

அப்பா என் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினார். அதற்குள் அக்கா நடுவில் வந்துவிட்டாள்.

“அவள அடிக்காதீங்கப்பா. நான்தான் தப்பா வாசிச்சுட்டேன்.”

“காலேஜ் படிச்சவளுக்கு நார்மல்னு போட்டது தெரியலையா புள்ள?” என்றார் மாமா. அப்பா அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ கேட்கப்போகிறார் என்று தோன்றியது. கேட்கவில்லை. “காலைல வெள்ளனக் கிளம்பணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

எட்டு மாதம் கழித்து அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறி வந்தாள். அவள் முழங்கையில் இருந்த தழும்பைப் பார்த்த அப்பா, அதற்குப் பிறகு அவளை எங்கேயும் கொண்டுபோய் விடவில்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலையில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? புது ஃபில்டர் போட்ட ஜீப் துளிப் புகையில்லாமல் உறுமிக்கொண்டு நின்றது. நான் பின்சீட்டுப் பக்கம் எக்கி, “என்னாலதானக்கா நீ பொய் சொன்ன? இனிமே நான் பொய்யே சொல்ல மாட்டேன்” என்று அவள் காதில் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்தாள். வளையல் என் தோலில் அழுந்தும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டி நகர்ந்த பிறகும் இரண்டு எட்டு விடவில்லை. நான் கூடவே ஓடினேன். என்மேல் இவ்வளவு கோபமா என்று அன்று பள்ளிக்கூடத்திலும் அழுதுகொண்டே இருந்தேன்.