செத்த டிஸ்க்கைக் கழற்றிய ஜெயபாரதி

அனுப்பர்பாளையத்தில் ஜெயபாரதியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. சமையல் முடித்த கையோடு லேப்டாப்பைத் திறந்து பனியனுக்குத் துணி வெட்டும் பேட்டர்ன் போடுவாள். வீட்டு முன்னால் இருந்த நாலு தையல் மெஷின்களும் புருஷன் அருள்செல்வன் பொறுப்பு. இத்தனை வருஷமும் கம்பெனிகள் அவன் பெயருக்குத்தான் வேலை கொடுத்தன. இப்போதுதான் முதன்முதலாக அவள் பெயருக்கு ஒரு சாம்பிள் வந்திருந்தது, குழந்தைகள் டி-ஷர்ட்.

"கழுத்தை அரை இஞ்ச் அகலமாக்கி நாலு மணிக்குள்ள அனுப்பிருங்க்கா. இல்லீன்னா ஆர்டர வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்று கம்பெனியிலிருந்து கீதாஞ்சலி காலையிலேயே போன் செய்துவிட்டாள்.

அருள்செல்வனுக்கு ஒரு பழக்கம். மெஷினில் சேரும் பஞ்சை ஏர் கன்னால் ஊதுகிறவன், அப்படியே சட்டையை ஊதுவான், பைக்கை ஊதுவான், தலைமுடியையும் ஊதிக்கொள்வான். லேப்டாப் சூடாகிறது என்று அவள் முனகியதுதான் தாமதம், ஓடிக்கொண்டிருந்ததை ஒரு கையில் தூக்கிப் பிடித்து மறு கையால் ஊதினான். காற்றின் உதைப்பில் கை நழுவியது. தரையில் விழுந்த லேப்டாப்புக்குள்ளிருந்து டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தது.

"தூசி போயிருச்சுல்ல?" என்றான்.

"தூசியோட லேப்டாப்பும் போயிருச்சு. நகருங்க."

பேட்டர்னின் நகல் பென் டிரைவில் இருந்தது. அவள் யாரையும் நம்பாதவள், லேப்டாப் உட்பட.

லேப்டாப்பைப் பிரித்துப் பார்த்த சர்வீஸ் கடை மணியன் உதட்டைப் பிதுக்கினான். "ஹார்ட் டிஸ்க் போச்சுங்க்கா. புதுசு நாளைக்குத்தானுங்க வரும்."

"நாளைக்கு வந்தா அதுக்குப் பொட்டு வெச்சுக் கும்புடறதா? அது என்ன, ஓரத்துல விரல் நீளத்துக்கு?"

"குட்டி எஸ்.எஸ்.டி.ங்க. முப்பத்திரெண்டு ஜிபிதான். பெரிய டிஸ்க்குக்கு எடுபிடி மாதிரி. விண்டோஸ் அடங்காது, லினக்ஸ் வேணா அதுல அடங்கும். உங்க பேட்டர்ன் சாப்ட்வேரும் அதுல ஓடுமுங்க."

"அப்பறம் என்ன பார்த்துட்டு நிக்கற? போடு."

போட்டு முடிக்க அரை மணி நேரம் ஆனது. மறுபடி ஆன் செய்தால், லேப்டாப் செத்த டிஸ்க்கையே தேடித் தேடி அப்படியே நின்றது. எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பட்டியலில் குட்டியின் பெயரே இல்லை. மூன்று முறை பார்த்துவிட்டு மணியன் கையை விரித்தான்.

"பெருசு இருக்கறப்ப சின்னத இது கண்டுக்க மாட்டீங்குதுங்க்கா."

மணி மூன்று பத்து. ஜெயபாரதி அந்த லேப்டாப்பை முறைத்தாள். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் இரண்டு ஊசி இருக்கும். ஒன்று உடைந்து மாற்று ஊசி கையில் இல்லையென்றால் மெஷினை யாரும் நிறுத்துவதில்லை. உடைந்ததை அதன் நூலோடு கழற்றிவிட்டு மற்றதை வைத்து ஓட்டுவார்கள். லேசான தையலுக்கு அதுவே போதும்.

"செத்தத எதுக்கு உள்ளயே வெச்சிருக்கற? கழட்டு."

"கழட்டுனா ஏதாச்சும் ஆயிருமுங்க்கா..."

"என்ன, செத்துருமா? அதான் செத்துருச்சே!"

திருகுகளைக் கழற்றி, பெரிய டிஸ்க்கை வெளியே எடுத்து வைத்து, பட்டனை அழுத்தினான். பட்டியலில் இப்போது ஒரே ஒரு பெயர்தான். குட்டியின் பெயர். பதினோரு நொடியில் திரை பளிச்சென்று வந்து நின்றது. முன்பெல்லாம் அது எழுந்து வருவதற்குள் ஜெயபாரதி ஒரு தேங்காயைத் துருவி முடித்திருப்பாள்.

மணியன் வாயைப் பிளந்தான். "எனக்குத் தோணவே இல்லீங்க்கா!"

"நீ ஓவர்லாக் ஓட்டிருக்கோணும்."

கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து, பென் டிரைவைச் செருகிக் கழுத்தைத் திருத்தி, மூன்று நாற்பத்திரண்டுக்கு அனுப்பினாள். நாலு அடிக்கும் முன்னே கீதாஞ்சலியின் பதில் வந்தது: "சரியா இருக்குதுங்க்கா. ஆர்டர் உங்களுக்குத்தான். கட்டிங் போட்ருங்க."

வீட்டு வாசலில் அருள்செல்வன் முகம் வெளிறி நின்றான். கழுத்தெல்லாம் பஞ்சு. அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை போலும்.

"என்னாச்சு?" என்றான்.

"என்ற பேர்ல ஆர்டர் வந்தாச்சு. துணிய விரிங்க. அந்த ஏர் கன் மட்டும் இந்தப் பக்கம் வரக் கூடாது."

அவன் கழுத்துப் பஞ்சைக் கையாலேயே தட்டிவிட்டுத் துணியை விரித்தான்.