ஒரு கைக்கு ஒரு ஹோல்டர்

படகு விற்கிறவனுக்கு நல்ல பேர், மீன் விற்கிறவனுக்கு நல்ல காசு. நடுவில் ஹோல்டர் மாட்டுகிற என்னைப் போன்றவனுக்கு மீன் தப்பித்தால் மட்டும் போன் வரும்.

ராத்திரி சித்தியவானில் ஐஸ் ஃபேக்டரி வேலை. விடிந்தால் தூக்கம் வராது. அதனால் படகுகள் நிற்கும் ஜெட்டிக்குப் போய் சின்னப் படகுகளுக்குத் தூண்டில் செருகும் ஹோல்டர் மாட்டிக் கொடுக்கிறேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, போனில் வீடியோ பார்த்தும், நாலைந்து படகைப் பாழாக்கியும் தெரிந்துகொண்டதுதான். துண்டா போடுகிறவர்களுக்கு ஹோல்டர் இல்லாமல் ஆகாது. படகை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போவதுதான் துண்டா. கை இன்ஜினில் இருக்கும். தெங்கிரி மீன் கடித்து இழுக்கிற முதல் இழுப்பை ஹோல்டர்தான் வாங்க வேண்டும். இதே பிழைப்பில் இருந்தால் இப்போதே பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

பெட்டியில் இருந்த மீன்

பீடோரில் கொய்யாத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் பிளாஸ்டிக் ஹோல்டரோடு வந்தார். "இது சும்மா நங்கூரம் போட்டு உக்காந்து பிடிக்கத்தான் ஆகும், துண்டாவுக்கு உடைஞ்சிடும்" என்றேன். அவர் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். ஆள் உயர மீன் படம். சரி என்று மாட்டினேன். அடுத்த வாரம் ஹோல்டரில் பாதி படகில் இருந்தது, மீதி பாதியும் தூண்டிலும் கடலில். கோபமே படாமல் கேட்டார்: "பெட்டி இன்னும் புதுசாத்தான் இருக்குண்ணே, திருப்பி எடுத்துக்குவீங்களா?"

இடது கை

கதிரேசண்ணன் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டத்தை மூடிய பிறகு லாரி ஓட்டினார். போன வருஷம் வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. லாரி லைசென்ஸும் போச்சு. மிச்சம் இருந்தது ஒரு ஃபைபர் படகு.

வலது கையால் இன்ஜின் பிடிப்பார். தூண்டில் பிடிக்க ஆள் வேண்டும், அல்லது ஹோல்டர் வேண்டும். "யாரையாவது கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றேன். படகின் ஓரத்தை நல்ல கையால் தடவிக்கொண்டே சொன்னார்: "வீட்ல கக்கூசுக்குக்கூட கதவுக்கு வெளிய ஒரு ஆள் நிக்குது தம்பி. தண்ணியில மட்டும்தான் நான் தனியாளு. அதையும் கெடுக்காதலா."

சரோஜா அக்கா

மறுநாள் அவர் மனைவி சரோஜா அக்கா மோட்டார் சைக்கிளில் ஜெட்டிக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தார். ஹோல்டர் இல்லாவிட்டால் அண்ணன் போக மாட்டார், போகாவிட்டால் உயிரோடு இருப்பார் என்பது அக்காவின் கணக்கு. ஒரு மனுஷனுக்கு மிச்சமிருக்கும் ஒரே இடத்தை நான் எப்படிப் பூட்டுவது? ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றேன். கிளம்பும்போது அக்கா சொன்னார்: "பெரிய பொய்யா கேக்குறேன்? இந்தப் போட்டுக்கு ஹோல்டர் சேராதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்."

ஆணி படாத மரம்

சொல்லவில்லை. மாட்டவே போனேன். இரும்பு ஹோல்டர் எடுத்து வைத்திருந்தேன். படகின் ஓரத்தைத் துளைத்து, உள்பக்கம் தகடு கொடுத்து போல்ட் போட வேண்டும். டிரில்லை எடுத்ததும் கதிரேசண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்தில் பால் மரத்தில் யாரும் ஆணி அடிக்க மாட்டோம். பட்டை கெட்டுவிடும். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக்கூட மரத்தைச் சுற்றிக் கம்பி கட்டித்தான் தொங்கவிடுவோம். படகையும் அப்படியே நினைத்தார். ஓரத்துக் கைப்பிடிக் குழாயில் கம்பி சுற்றி இறுக்கச் சொன்னார்.

உருண்டைக் குழாயில் கம்பிக்கட்டு சுழன்றுவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நானும் தோட்டத்தில் பிறந்தவன். அவர் சொன்னதும் கை தானாக டிரில்லைக் கீழே வைத்துவிட்டது. அவரே ஒற்றைக் கையால் கம்பியை முறுக்கினார், நான் முனையைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. "பாத்தியா? முப்பது வருஷம் மங்கு கட்டின கைடா இது. தாஹான் பண்ணும், எந்த மீன் இழுத்தாலும் தாங்கும்."

சத்தம் போடாதவர்

மூன்று நடை நன்றாகப் போய் வந்தார். நாலாவது நடையில் பெரிய தெங்கிரி கடித்தது. கம்பிக்கட்டு குழாயோடு சுழன்று, தூண்டில் பின்னால் சாய்ந்தது. தூண்டில் நரம்பு இன்ஜின் காற்றாடியில் சுற்றிக்கொண்டு இன்ஜின் நின்றது. அறுத்துவிடக் குனிந்திருக்கிறார். ஊன்றிக்கொள்ள இடது கை இல்லை. விழுந்துவிட்டார்.

ஒரு கையால் படகைப் பிடித்துத் தொங்கலாம், ஏற முடியாது. காலையில் விழுந்தவர் உச்சிவெயில் வரை அப்படியே தொங்கினார். இறால் படகு வைத்திருக்கும் சீனப் பெரியவர் ஒருவர்தான் தூக்கிப் போட்டு ஜெட்டிக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் இரண்டு படகுகள் பக்கத்திலேயே போயிருக்கின்றன. பெரியவர் என்னிடம் மலாயில் திட்டித் தீர்த்தார்: "உன் ஆளு ஒரு தடவைகூட கத்தல. ஏன்யான்னு கேட்டா, அவங்களுக்கு வேலை இருக்குமேங்கிறான்!"

வீட்டு வாசல்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு போய்ப் பார்த்தேன். நாற்காலியில் இருந்தார். வலது உள்ளங்கையில் கட்டு. தப்பு என்னுடையது, துளை போட்டிருக்க வேண்டும் என்றேன். "மரம் நின்ன இடத்துலயே நிக்கும் தம்பி, போட்டு ஓடும். அத நான் யோசிக்கல" என்றார். போல்ட் போட்டு இரண்டு நாளில் சரியாக்கித் தருகிறேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் வீட்டில் யாரிடமும் பேசவில்லையாம்.

சரோஜா அக்கா கேட் வரைக்கும் கூட வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அன்றைக்காவது தூங்கியிருப்பேன். "தண்ணிக்குப் போகாதீங்கன்னுதான் தம்பி கேட்டேன்" என்றார், "பேசாதீங்கன்னு கேக்கலியே."

ஈப்போக்காரர்

கதிரேசண்ணன் படகை ஈப்போவில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர் வாங்கினார். சனி, ஞாயிறு மட்டும் மீன் பிடிப்பவர். பழைய ஹோல்டரைக் கழற்றிப் போட்டு ஆறு மாட்டச் சொன்னார். கம்பி துருவேறி குழாயைக் கவ்விக்கொண்டிருந்தது, அறுத்துத்தான் எடுத்தேன். அவர் கூட்டாளியிடம் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்: "இங்க பாருலா மச்சான், இவ்ளோ பெரிய போட்டுக்கு ஒரே ஒரு ஹோல்டர். அந்த ஆளுக்கு என்னா, ஒத்தக் கையா?"

இப்போதெல்லாம் வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே துளையைப் போட்டுவிடுகிறேன். இந்தத் தொழிலில் நான் தேறியது அவ்வளவுதான்.