மேக்ஸிமம் வந்துடுறேன்

'மேக்ஸிமம்' என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் யாரும் 'அதிகபட்சம்' என்ற பொருளில் சொல்வதில்லை; 'அநேகமாக' என்றுதான் அர்த்தம். 'பார்க்கலாம்' என்றால் கேட்பவர் முகம் சுளிப்பார். 'மேக்ஸிமம் வந்துடுறேன்' என்றால் திருப்தியாகப் போனை வைத்துவிடுவார். கடலூரில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். பாதிப் பிழைப்பு அந்தச் சொல்லில்தான் ஓடுகிறது. மேக்ஸிமம் சாயங்காலம் ரெடியாகிவிடும், மேக்ஸிமம் கலர் இப்படித்தான் வரும். அதன் மதிப்பு கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன ஆவணியில் சிதம்பரத்தில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அப்பா போன பிறகு, பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு நான் ஒருவன்தான். அவள் மாமியார் வீட்டிலோ முறை, சீர் எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்ப்பவர்கள்.

"ஒன்பது மணியோட நல்ல நேரம் முடியுதுண்ணா. வந்துடுவல்ல?"

"மேக்ஸிமம் எட்டுக்கெல்லாம் வந்துடுறேன்."

 "சரிண்ணா" என்றாள்.

அன்று விடியற்காலை குறிஞ்சிப்பாடியில் ஒரு கட்சிக்காரரின் பிறந்தநாள் பேனர் கட்ட வேண்டியிருந்தது. ஆளை அனுப்பியிருக்கலாம். நானே நின்று கட்டிக்கொடுத்தால் அடுத்த ஆர்டரும் நமக்கே வரும் என்ற நப்பாசை. கட்டி முடித்தபோது, பேனரில் தன் முகத்தில் சுருக்கம் விழுகிறது என்றார் கட்சிக்காரர். அவிழ்த்து மறுபடி கட்டினோம். தங்கை போன் செய்தாள். "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

மண்டபத்துக்கு நான் போனபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில், நானே அடித்துக்கொடுத்த பேனரில், தாய்மாமனாகக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே, என் தங்கையின் ஓரகத்தியுடைய தம்பி மடியில் வைத்துக் குத்தி முடித்துவிட்டார்கள். குழந்தை தேம்பித் தேம்பி ஓய்ந்திருந்தாள்.

"வாங்க தம்பி" என்றார் தங்கையின் மாமியார். "அண்ணன் கண்டிப்பா வந்துடும்னு ஒங்க தங்கச்சி சொல்லிக்கிட்டே வாசல்ல நின்னுச்சு. நாங்களும் எவ்ளோ நேரந்தான் பாக்குறது?"

கண்டிப்பாக என்று நான் சொல்லவே இல்லை. என் மேக்ஸிமத்தின் லட்சணம் தெரிந்தவள், அதை மறைத்து, என்னைக் காப்பாற்றித்தான் அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தாலாவது தேவலாம். அவள் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"போட்டோவுக்காவது ஒக்காருண்ணா. ஆல்பத்துல நீ இருக்கணும்."

உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். போட்டோகிராஃபர், காது குத்திய ஆசாரியைக் கூப்பிட்டு, ஊசியைக் காதருகே சும்மா பிடிக்கச் சொன்னார். அந்தக் கையைப் பார்த்ததுமே குழந்தையின் உடம்பு விறைத்தது. மூச்சு அடைக்கக் கத்தினாள். நான் அவள் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். "அப்படியே இருங்க சார், நல்லா வருது" என்றார் போட்டோகிராஃபர். தங்கை, மாமியார் பார்க்கிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆல்பத்தில் அந்தப் படம்தான் பெரிது. மாமன் எவ்வளவு பக்குவமாகப் பிடித்திருக்கிறான் என்கிறார்கள், அன்று வராதவர்கள். நானும் தலையாட்டுகிறேன். அழுது ஓய்ந்த பிள்ளையை, என் மானத்துக்காக, இன்னொரு தடவை அழவைத்தோம்.