தாஹிர் நானாவின் ஊதா விளக்கு

மதுரங்குளிச் சந்தியில் கல்யாண வீடியோ தயாரிக்கும் கடையொன்றில் கூட்டித் துடைத்து, தேத்தண்ணி ஊற்றுவது என் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான்.

அங்கே கணினிகளைப் பார்ப்பவர் தாஹிர் நானா. தொண்ணூறில் எங்கள் ஆட்களை மன்னாரிலிருந்து விரட்டியபோது கைப்பிள்ளையாக வந்தவர். பத்து வருடம் முந்தல் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கும் இடத்தில் வேலை செய்தார். கணினி வேலை அவராகப் பழகியது. அதிகம் பேசமாட்டார். என் வெறுந்தேத்தண்ணியை மட்டும் இரண்டு கோப்பை கேட்டு வாங்கிக் குடிப்பார்.

பெரிய கணினி சூடாகாமலிருக்க அதற்குள் மெல்லிய குழாய்களில் தண்ணீர் சுற்றும். அதில் அடிக்கடி பாசி பிடித்தது. இறால் குஞ்சுகளுக்கு விடும் தண்ணீரில் கிருமி சாக, புற ஊதாக் கதிர் விளக்கின் பக்கமாக அதை ஓடவிடுவார்களாம். நானா அப்படியொரு சின்ன விளக்கைக் கணினித் தண்ணீருக்கும் பொருத்தினார்.

"என்னா தாஹிர், இதுக்குள்ள இறாலா வளக்கப் போறீங்க?" என்றார் கடைக்காரர் அஃப்ராஸ்.

"வளந்தா முதல் கறி உங்களுக்குத்தான்."

இரண்டு மாதம் தண்ணீர் தெளிவாக இருந்தது.

பெருநாளுக்குப் பிறகு கடைக்கு வரும் ஆட்கள் கூடினார்கள்; அடிக்கடி தேத்தண்ணி ஊற்ற வேண்டியிருந்தது. தண்ணி கொதிக்கவைக்க, விளக்கின் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கரண்ட் கேத்தலை மாட்டுவேன். விளக்கு அணையக்கூடாது என்று நானா சொல்லித்தான் இருந்தார். திரும்ப மாட்ட மறந்த நாட்களே அதிகம்.

ஒரு காலை கணினி சூடேறி நின்றது. குழாயெல்லாம் பச்சை. ஒருவரும் பார்க்குமுன் பிளக்கை மாட்டிவிட்டேன்.

"ஒங்கட இறால் வித்த சரிவரல்ல. இனி இதுல கை வைக்க வாணாம்," என்றார் அஃப்ராஸ்.

நானா என்னைப் பார்த்தார். "லைட்டு ஒவ்வொரு நாளும் எரிஞ்சதுதானே, தங்கச்சி?"

"ஓம் நானா," என்றேன்.

அவர் தன் பையை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று நாள் அவர் கடைக்கு வரவில்லை. நான்காம் நாள், பிளக்கைக் கழற்றியது நான்தான் என்று அஃப்ராஸிடம் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, ஸும்ரா," என்றவர், உடனே நானாவுக்கு ஃபோன் எடுத்தார்.

நானா வந்தார். குழாய்களைக் கழுவினார். விளக்கின் பிளக் கழலாதபடி கறுப்பு டேப் சுற்றினார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. மேசையில் தேத்தண்ணி வைத்தேன். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு லுஹர் தொழுகைக்குப் போனார்.

அவர் வாய் வைக்காமலே ஆறிய கோப்பையை நானே எடுத்துக் கழுவினேன்.