அட்டையில் வந்த தேநீர்

குடிநீர்ப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வால்வு திறந்து மூடிய அவரை ஊரார் வால்வுக்காரர் என்றே அழைத்தனர். சண்டை மூண்டு நகரம் இரண்டாகப் பிளந்தபோது, நீரேற்று நிலையம் ஒரு தரப்பின் கையிலும் மருத்துவமனை மறு தரப்பின் கையிலும் சிக்கின. மருத்துவமனைக் குழாயின் வால்வோ இரண்டுக்கும் இடையே, ஆள் நடமாட்டமற்ற ரயில்வே கேட்டருகே ஒரு குழிக்குள் இருந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை அதைத் திறந்து, தொட்டி நிரம்பும்வரை நாற்பது நிமிடம் காத்திருந்து மூடவேண்டும். அந்த நாற்பது நிமிடமும் இரு தரப்பும் சுடுவதில்லை. காயம்பட்டோரும் கர்ப்பிணிகளும் அதற்குள் கேட்டைக் கடந்து மருத்துவமனைக்குச் சென்றுவிடுவர்.

இந்த ஏற்பாட்டைச் செய்தது மூவர் கொண்ட குடிமக்கள் குழு. தலைமையாசிரியர் தலைவர்; மருந்துக்கடை அம்மா செயலாளர்; மூன்றாமவர் வால்வுக்காரர். ஒவ்வொரு முறையும் வால்வு திறப்பதற்கு முந்தைய நாளே, யார் எத்தனை மணிக்கு வருவார் என்ற ஒரு வாக்கியத்தை வால்வுக்காரர் தாளில் எழுதி, அதை எழுத்துப் பிசகாமல் இரு தளபதிகளுக்கும் தொலைபேசியில் படிப்பார். ஒருவர் கூடுதலாக ஏதேனும் கேட்டால், அந்தக் கேள்வியும் பதிலும் மற்றவருக்கும் போய்ச் சேரும். எந்தத் தரப்பின் கையிலிருந்தும் ஒரு வாய் நீர்கூட அருந்துவதில்லை. பதினொரு மாதங்களில் கேட்டருகே ஒரு குண்டும் பாயவில்லை.

பிறகுதான் தலைநகரிலிருந்து ஓர் அமைதி நிறுவனம் வந்திறங்கியது. புறா அச்சிட்ட பைகளும், ஆளுயரப் பதாகையும், கழுத்தில் அட்டை தொங்கும் பதினான்கு பேரும் வந்தனர். குளிர்சாதனம் ஓடும் ஒரே காரணத்துக்காக, நீரேற்று நிலையத் தரப்பின் அலுவலகத்திலேயே பயிலரங்கை நடத்தினர். முடிவில் அத்தரப்பின் தளபதி ஒரு கோப்பைத் தேநீரை வால்வுக்காரரிடம் நீட்டினார். அவர் தயங்கினார்.

தலைமையாசிரியர் அவரது காதருகே குனிந்தார். “மரியாதைக்கு ஒரு வாய் குடிச்சிடுங்க. எல்லாரும் பாக்குறாங்க.”

அவர் குடித்தார். கேமராக்கள் மின்னின.

மூன்றாம் வாரம் நிறுவனத்தின் அறிக்கை வெளிவந்தது. அட்டை முழுவதும் வால்வுக்காரரும் தளபதியும் கோப்பையும். கீழே, ‘ஒரு கோப்பையில் மலர்ந்த அமைதி’ என்ற வரி. அதன் பிரதி மறு தரப்புக்கும் போனது. வழக்கம்போல் வாக்கியத்தைப் படிக்கத் தொடங்கியவரை மறு தரப்புத் தளபதி இடைமறித்தார். குரலில் கோபம்கூட இல்லை.

“எங்ககிட்ட ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிருப்பீங்களா அண்ணே? அங்க போனா மட்டும் தாகம் எடுக்குதோ? இனிமே கேட்டுப் பக்கம் வராதீங்க. வந்தா நான் பொறுப்பில்ல.”

ஒன்பது நாட்கள் வால்வு திறக்கவில்லை. வால்வுக்காரரின் அக்கா அந்த மருத்துவமனையின் பிரசவ வார்டில் துப்புரவுப் பணியாளர். அவள் தொலைபேசியில் நலம் விசாரிக்கவில்லை. “தரையெல்லாம் ரத்தம்டா. எதை வச்சுக் கழுவ? உன் போட்டோவ வச்சா?”

அவர் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரைத் தேடிப் போனார். அறிக்கையைத் திரும்பப் பெறவும், குழு எத்தரப்பையும் சேர்ந்ததன்று என இரு தளபதிகளுக்கும் கடிதம் எழுதவும் கேட்டார். மேசையெங்கும் தண்ணீர்ப் புட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு வாய் குடித்துக் கைவிடப்பட்டவை.

“அதெல்லாம் எல்லா இடத்துக்கும் போயாச்சு அண்ணா. இந்தப் படத்தாலதான் அடுத்த கட்ட நிதிக்கே அனுமதி கிடைச்சிருக்கு. வருத்தப்படாதீங்க, பெருசா ஃப்ரேம் போட்டுத் தரோம்.”

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவர்கள் பிடுங்கியதற்கு நன்றியும் எதிர்பார்த்தனர்.

குழு கூடியது. கொஞ்சம் பொறுத்தால் எல்லாம் அடங்கிவிடும், நிறுவனத்தைப் பகைத்துக்கொள்வது நல்லதன்று என்றார் தலைமையாசிரியர். அடுத்த மாதம் தலைநகர் மாநாட்டில் உரையாற்ற அவருக்கு அழைப்பு வந்திருந்தது.

“கோட்டு தைக்கக் குடுத்தாச்சா சார்?” என்று கேட்டார் மருந்துக்கடை அம்மா.

வால்வுக்காரர் அங்கேயே ஒரு தாளெடுத்து எழுதினார்: ‘அன்று தேநீர் குடித்தது என் தவறு. எத்தரப்பிடமும் நான் குடித்திருக்கக் கூடாது. இனி நான் வரமாட்டேன். நாளை காலை பத்து மணிக்கு மருந்துக்கடை அம்மா வருவார், நாற்பது நிமிடம்.’

மறு தரப்புத் தளபதி தொலைபேசியில் முழுவதையும் கேட்டு, சரி என்றார். தேநீர் கொடுத்த தளபதியோ ‘தவறு’ என்ற சொல்லிலேயே இணைப்பைத் துண்டித்தார். அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் படிக்கலாமே என்றார் தலைமையாசிரியர். வால்வுக்காரர் மறுபடி அழைத்து முதல் எழுத்திலிருந்து படித்தார். மீண்டும் துண்டிப்பு. நான்காம் முறை அந்தத் தளபதி இறுதிவரை கேட்டார். “உன் மூஞ்சியில இனி முழிக்க மாட்டேன். அந்தம்மா வரட்டும்” என்றார்.

வால்வைத் திறக்க இடப்புறம் பதினேழு சுற்று என்ற கணக்கை அவரிடம் கேட்டுக்கொண்டு, மறுநாள் நீண்ட இரும்புச் சாவியோடு அம்மா கேட்டுக்குப் போனார். வால்வுக்காரர் அவரது கடையைப் பார்த்துக்கொண்டார். தலைவலி மாத்திரை கேட்டு வந்தவர்கூட, “போட்டோ நல்லா விழுந்திருக்கே” என்றார். அவர் மாத்திரையை மட்டும் எடுத்து நீட்டினார்.

பத்தேகாலுக்கு அக்கா அழைத்தாள்.

“வந்துடுச்சுடா. செகப்பா வருது.”

“துருதான். பத்து நிமிஷம் ஓடட்டும், தெளிஞ்சிடும்.”

“நீ கேட்டுல இல்லையாமே?”

“இனிமே வரமாட்டேன்க்கா.”

வாளிகளை நகர்த்தும் ஓசை கேட்டது. “சரி, போனை வை. தொட்டி நிரம்பி வால்வ மூடுறதுக்குள்ள நாலு ரூம் கழுவணும்” என்றாள் அக்கா.