மிஷின்ல என் கூட ஏறினவ

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு எரிச்சல்தான் வரும் தம்பி. உயிரோட இருக்கறவங்க பண்ற அக்கிரமத்தையே தாங்க முடியல, செத்தவங்க வந்து இன்னா பண்ணிடப் போறாங்கன்னு கேக்கற ஆளு நான். நீ நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ. நடந்தது பட்டப்பகல்ல, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில.

வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டுதான் எனக்குப் பொழப்பு. அஞ்சலைன்னு ஒருத்தி என் ஜோடி. ஒருத்தி வெட்டினா ஒருத்தி கட்டுவா, அப்புறம் ரெண்டு பேரும் கட்டைத் தலையில வச்சிக்கினு லாரிக்குப் போட்ட பலகையில முன்னும் பின்னுமா ஏறுவோம். அவ எப்பவும் எனக்குப் பின்னாடி. அடிக்கு அடி "ம்ஹ்க்... ம்ஹ்க்"னு அடித்தொண்டையில மூச்சு விடுவா. போன வருஷ வெட்டுல நெஞ்சை அடைக்குதுன்னு உக்காந்துட்டா. வாயுதான், லோடு கெளம்பணும்னு சோடாவ வாங்கிக் குடுத்து மறுபடி ஏத்திவுட்டான் மேஸ்திரி. அன்னிக்கே போய்ட்டா. வாயுவாம் வாயு, அவன் நாக்கு அழுகிப்போவ.

இந்த வருஷம் எனக்கும் அதே வலி வந்துச்சு. நான் சோடாவுக்கெல்லாம் நிக்கல, நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன், ஸ்டென்ட் வச்சிக் காப்பாத்திட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சி எக்கோ எடுத்துப் பாத்த டாக்டரு, இதயத்துல ஒரு பக்கம் சதை செத்துப் போச்சும்மா, மிச்சம் எவ்ளோ தாங்கும், திரும்ப அட்டாக் வருமான்னு மிஷின்ல நடக்கவுட்டுத்தான் பாக்கணும்னாரு. டாக்டர் சரின்னா வேலைக்கு வா, இல்லாட்டி வராதன்னுட்டான் மேஸ்திரி. வூட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்தி. எப்படியாவது பாஸாயிடணும்னு வேண்டிக்கினே ஏறினேன்.

நெஞ்சு பூரா வயரு. மிஷின் மொதல்ல மெதுவா ஓடிச்சு, அப்புறம் வேகத்தக் கூட்டி, முன்பக்கத்த மேடா தூக்கினாங்க, அப்படியே லாரிப் பலகைதான். எனக்கு ஒரு வலி இல்ல, வேர்வை இல்ல, மூச்சுகூட வாங்கல, எனக்குன்னா ஒரே குஷி. அப்ப முதுகுக்குப் பின்னாடி கேக்குது, "ம்ஹ்க்... ம்ஹ்க்". கூடவே காஞ்ச கரும்புச் சோகை வாடை. திரும்பிப் பாக்க பயமாயிடுச்சு. டெஸ்ட் எடுக்கற பொண்ணு கம்ப்யூட்டரையே பாத்துக்கினு, "ஏம்மா, பின்னாடி யாரு ஏறினது? எறங்குங்க, ஒருத்தர்தான் ஏறணும்"னுச்சு. என் கூட யாரும் வரல தம்பி, சத்தியமா வரல.

ஒடனே மிஷினை நிறுத்திட்டாங்க. டாக்டரு ஓடியாந்து கம்ப்யூட்டர்ல ஓடற கோட்டப் பாக்கறாரு, என் மூஞ்சியப் பாக்கறாரு.

"நெஞ்சு வலிக்குதாம்மா?"

"இல்லீங்க, இன்னும்கூட நடப்பேங்க."

"இந்தக் கோட்டுக்கு நீங்க இந்நேரம் துடிச்சிருக்கணும். இதயத்துக்கு ரத்தம் பத்தல. இனிமே சுமை தூக்கினா உயிருக்கே ஆபத்து."

அது என் கோடா, அவ கோடான்னு யாரப் போயி கேக்கறது? மேஸ்திரி கல்வராயன் மலையிலேர்ந்து வேற ஜோடியக் கூட்டியாந்துட்டான். அஞ்சலைக்குத்தான் தூக்காதன்னு சொல்ல ஆளில்லாம போச்சு, எனக்காவது சொல்லலாம்னு வந்தாளா, இல்ல என் சோத்துல மண்ணள்ளிப் போட வந்தாளா? அவள நெனைச்சி அழுதும் இருக்கேன், திட்டியும் இருக்கேன்.

இப்பவும் குடத்தத் தூக்கினா எனக்கு மூச்சு வாங்கறதில்ல. பின்னாடி அவளுக்குத்தான் வாங்குது. செத்தும் அந்தப் பாவிக்குச் சுமை எறங்கல. டாக்டரு சொன்னதுக்காக இல்ல தம்பி, அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் குடத்தக் கீழ வைக்கறேன்.